மானியப் பட்டியலைப் பூட்டி வைக்க எங்கள் பெயரைப் பயன்படுத்தாதீர்கள்!

கண்டன அறிக்கை
சந்தாபுரா, ஆனேக்கல் தாலுகா, பெங்களூரு நகர மாவட்டம்

சந்தாபுரா வட்டாரத்தில் ராகியும் பூவும் காய்கறியும் விளைவிக்கும் தமிழ் பேசும் உழவர்களும், குத்தகைக்கும் வாரத்துக்கும் நிலம் எடுத்துப் பயிர் வைப்பவர்களும் சேர்ந்து நடத்துவது எங்கள் சங்கம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை வெட்டிச் சுருக்கி நடைமுறைப்படுத்தியிருக்கும் ஒன்றிய அரசை எங்கள் செயற்குழு வன்மையாகக் கண்டிக்கிறது. அந்தத் திருத்தத்தைக் காட்டி, வேளாண் உதவித்தொகையும் மானியமும் யார் யாருக்குப் போகின்றன என்ற பட்டியலைத் தர மறுக்கும் ஒவ்வோர் அலுவலகத்தையும் சேர்த்தே கண்டிக்கிறது.

2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவுதான் இந்தத் திருத்தம்; அது 2025 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. சரியாக ஐந்து நாள் கழித்து, நவம்பர் 19 அன்று, கோவையில் நடந்த விழாவில் பிரதமர் கிசான் உதவித்தொகையின் 21ஆவது தவணையை விடுவித்தார். சுமார் 18,000 கோடி ரூபாய், 9 கோடி உழவர்களுக்கு. தொகையை நாடறியச் சொல்கிறார்கள், எண்ணிக்கையையும் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தத் தவணையின் 2,000 ரூபாய் யார் கணக்கில் ஏறியது என்று நாங்கள் கேட்டால் மட்டும், அது தனிப்பட்ட தகவல் என்று சொல்ல இப்போது சட்டமே இடம் தருகிறது.

திருத்தத்துக்கு முன் நிலைமை இப்படி இல்லை. ஒருவரைப் பற்றிய தகவலை மறுக்க வேண்டுமானால், அது பொதுக் காரியத்தோடு தொடர்பில்லாதது, அல்லது அவருடைய அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைவது என்று அதிகாரி காட்ட வேண்டியிருந்தது. பொதுநலன் பெரிது என்று தெரிந்தால் தகவலைக் கொடுத்தாக வேண்டும். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு வரியும் அந்தப் பிரிவில் இருந்தது. ஏழை எளியவனை எம்.எல்.ஏ.வுக்குச் சமமாக நிறுத்திய வரி அது. இந்த நிபந்தனைகள் அத்தனையும் நீக்கப்பட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்குப் பிரிவு குறுகிவிட்டது.

அரசுத் தரப்பின் பதிலையும் நாங்கள் படித்தோம். சட்டப்படி வெளியிட வேண்டிய விவரங்கள் தொடர்ந்து வெளியிடப்படும் என்று தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2025 ஏப்ரலில் எழுத்தில் சொன்னார். பொதுநலனுக்காகத் தகவல் தர அதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 8(2) பிரிவு இருக்கிறதே என்றும் சொல்கிறார்கள். இருக்கிறதுதான். ஆனால் தாலுகா அலுவலக மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் 8(2)ஐத் தானாக எடுத்துப் பொதுநலனை நிறுத்துப் பார்ப்பார் என்று நம்ப எங்களுக்கு அனுபவம் இடம் தரவில்லை. தகவல் தராவிட்டால் அவருக்கு விழும் தண்டம் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதுவும் 25,000 ரூபாயைத் தாண்டாது. தரவுச் சட்டத்தில் எழுதியிருக்கும் அதிகபட்சத் தண்டமோ 250 கோடி ரூபாய். அந்தத் தண்டப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் இருக்கிறது, அது வேறு வகைத் தவறுக்கு உரியது என்பதும் உண்மை. ஆனாலும் இந்த இரண்டு எண்களையும் கேள்விப்பட்ட எந்த ஊழியரும் எந்தப் பக்கம் சாய்வார்?

சாய்ந்துவிட்டதை எங்கள் உறுப்பினர் ஒருவர் கண்டார். 1 ஏக்கர் 10 குண்டே நிலத்தில் ராகி போடுபவர். இரண்டு தவணையாகப் பணம் வரவில்லை. கைபேசிக் கடையில் விவரத்தைப் போட்டுப் பார்த்தால் ஆதார் சரி, இ-கேஒய்சி சரி, நில இணைப்பு என்ற வரிக்கு எதிரே மட்டும் ‘இல்லை’ என்று காட்டியது. பஹணி என்னும் நிலப் பதிவின் பிரதியையும், எஃப்ஐடி என்னும் உழவர் அடையாள எண்ணையும் எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். தன் பெயர் ஏன் விழுந்தது என்று கேட்டவர், கூடவே ஊர்ப் பட்டியலையும் கேட்டார். அங்கே கிடைத்த பதில்: “அதெல்லாம் பர்சனல் டீடெயில்ஸ் பெரியவரே, இப்ப யாருக்கும் தரக்கூடாது.” அவர் விடவில்லை. “ஏனுங்க, என் நெலம் எதுன்னு ஊருக்கே தெரியும். சர்க்கார் பணம் யாருக்கு வந்துதுன்னு கேட்டா அது எப்படிங்க பர்சனல் ஆகும்?” அதற்குப் பதில் இல்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் அழைக்கப்பட்டார்.

அந்தப் பெரியவரின் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவில் 12ஆவது உட்பிரிவு, மானியத் திட்டங்கள் எப்படி நிறைவேற்றப்படுகின்றன, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, பயனாளிகள் யார் என்ற விவரங்களை யாரும் கேட்காமலேயே அரசு வெளியிட வேண்டும் என்கிறது. 2005இல் எழுதப்பட்ட இந்த உட்பிரிவை யாரும் திருத்தவில்லை, இன்றும் அப்படியே நிற்கிறது. கேட்காமலே கொடுக்க வேண்டியதைக் கேட்டும் கொடுக்காமல் இருப்பதுதான் எங்கள் கண்டனத்தின் மையம்.

பட்டியல் இருட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. 2020இல் தமிழ்நாட்டில் நடந்தது. ஊரடங்குக் காலத்தில் பிரதமர் கிசான் திட்டத்தில் பெயர் சேர்க்கும் வழியைத் தளர்த்தினார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம் என்று தொடங்கிப் பல மாவட்டங்களில் வேளாண் அலுவலர்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியாட்கள் கைக்குப் போயின. கணினி மையங்களும் தரகர்களும் ஆள் பிடித்தார்கள். நிலமே இல்லாதவர்கள் கணக்கில் உழவர் பணம் ஏறியது. 110 கோடி ரூபாய் வரை போயிருக்கிறது என்று அந்த ஆண்டு செப்டம்பரில் வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி சொன்னார். 5.95 லட்சம் கணக்குகளைச் சரிபார்த்ததில் 5.38 லட்சம் பேர் தகுதியில்லாதவர்கள் என்று ஒன்றிய வேளாண் அமைச்சகமே தெரிவித்தது. ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், சிலர் கைதானார்கள், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள்! ஒவ்வொரு பெயரும் ஏதோ ஓர் ஊரின் பட்டியலில்தான் ஏறியிருக்கும். அந்தப் பட்டியலை ஊர்ச் சாவடியில் வைத்து உரக்கப் படித்திருந்தால், இவனுக்கு ஏது நிலம் என்று கேட்க அரை மணி நேரம் ஆகியிருக்காது. யார் உழுகிறான், யார் உழவில்லை என்பது ஊரில் ரகசியம் இல்லை. கணினிக்குத் தெரியாததெல்லாம் வரப்பில் நிற்பவனுக்குத் தெரியும். மாதக்கணக்கில் அதிகாரிகளும் காவல்துறையும் வீடு வீடாக அலைந்து திரும்ப வாங்க வேண்டிய பணத்தை, ஒரு காகிதத்தை ஒட்டியே காப்பாற்றியிருக்கலாம்.

நாடு முழுக்கவும் கதை வேறு இல்லை. 2020 ஜூலை வரையில் தகுதியில்லாத 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருந்தது 2021 ஜனவரியில் வெளியே வந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வருமான வரி கட்டுபவர்கள். காமன்வெல்த் மனித உரிமை முன்முயற்சி அமைப்பைச் சேர்ந்த வெங்கடேஷ் நாயக், இதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கிய கணக்கு இது. தகுதியற்றவர்களிடமிருந்து இதுவரை 416 கோடி ரூபாய் திரும்ப வாங்கியிருப்பதாக 2025இல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உழவரின் அந்தரங்கத்தைக் காக்கத்தான் இந்தத் திருத்தம் என்பவர்களிடம் எங்களுக்கு ஒரு கேள்வி. 2022இல் பிரதமர் கிசான் இணையதளத்தின் ஒரு பகுதி வழியே கோடிக்கணக்கான உழவர்களின் ஆதார் எண்களே வெளியில் தெரியும் நிலையில் இருந்ததை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்னார். பிறகுதான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. உண்மையிலேயே காக்க வேண்டியது அதுதான்: ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண். போலிச் செயலியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கிசான் பணம் வந்திருக்கிறது என்று ஏமாற்றிக் கணக்கைச் சுரண்டும் கும்பல் இன்று ஊர் ஊராக உழவர்களைத் தேடுகிறது. தவணை வந்த செய்தி தெரிந்தால் கடன்காரன் வாசலில் நிற்பான் என்ற பயமும் எங்கள் வீடுகளில் உண்டு, அதை நாங்கள் சிறிதாக நினைக்கவில்லை. ஆகவே எண்களை மறையுங்கள். பெயர், ஊர், திட்டம், தொகை இந்த நான்கையும் வெளியிடுங்கள். மறைக்க வேண்டியதைக் கசியவிட்டு, வெளியிட வேண்டியதைப் பூட்டுவது உழவரைக் காக்கும் வழி ஆகாது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் வேளாண் மானியம் பெற்றவர்களின் பெயர்களை இணையத்தில் போட்டபோது, ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் விவசாயம் செய்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2010 நவம்பர் 9 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தனிமனிதர் எல்லோரையும் அளவு பாராமல் ஒரேயடியாக வெளியிடுவது மிகை என்றது. அதோடு கதவை அடைத்துவிடவில்லை அங்கே. 2013இல் புதிய விதி எழுதினார்கள். ஆண்டுக்கு 1,250 யூரோ என்ற அளவை ஒட்டி மிகச் சிறிய தொகை வாங்குபவரின் பெயரை மறைத்தார்கள், அதற்கு மேல் வாங்கியவர்களின் பெயர்கள் மறுபடி பொதுப் பார்வைக்கு வந்தன. சின்ன உழவனுக்கு நிழல், பெரிய தொகைக்கு வெளிச்சம் என்று பிரித்துப் பார்க்க அவர்களால் முடிந்தது. இந்தியாவில் சின்னவனையும் பெரியவனையும் ஒரே போர்வைக்குள் போட்டிருக்கிறார்கள். அதில் பலன் யாருக்கு என்பது தெளிவு.

ஏனென்றால் 2,000 ரூபாய்த் தவணை மட்டுமே வேளாண் மானியம் அல்ல. பசுமைக்குடில், சொட்டுநீர், டிராக்டர், பவர் டில்லர், குளிர்பதனக் கிடங்கு என்று லட்சக் கணக்கில் போகும் மானியங்கள் இருக்கின்றன. எங்கள் வட்டாரத்தில் யார் பசுமைக்குடில் போட்டார்கள், அதில் எவ்வளவு அரசு கொடுத்தது, மானியம் வாங்கிய மறு ஆண்டே எந்த நிலம் மனையாக மாறியது என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. சந்தாபுராவிலிருந்து ஆனேக்கல் சாலையில் ஒரு முறை போய் வந்தால் போதும். ராகிக் கொல்லைக்கும் லேஅவுட்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான் இருக்கும். விவசாயி அல்லாதவர் நிலம் வாங்கத் தடையாக இருந்த 79ஏ, 79பி பிரிவுகளை 2020இல் கர்நாடக அரசு நிலச் சீர்திருத்தச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. பிரதமர் கிசான் திட்டத்தில் 2019 பிப்ரவரி 1 என்ற நில உரிமைத் தேதி இருப்பதால் பிறகு வாங்கியவர்கள் அதில் நுழைவது கடினம். மற்ற மானியங்களுக்கு அந்த வேலி கிடையாது. முதலீட்டுக்காக நிலம் வாங்கியவர் பஹணியில் உழவர். அந்த நிலத்தைக் குனிந்து உழுபவர் எந்தப் பதிவிலும் இல்லை.

இதை நாங்கள் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எங்கள் உறுப்பினர்களில் பலரின் நிலைமை இது. தேவராஜ் அர்ஸ் காலத்தில், 1974இல் வந்த திருத்தம் குத்தகையை ஒழித்து உழுதவனுக்கு நிலம் கொடுத்தது. பெரிய காரியம், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் குத்தகைக்குச் சட்டத்தில் இடமில்லாததால் இன்றைய குத்தகை எல்லாம் வாய்ச் சொல்லில் ஓடுகிறது. கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. காகிதம் இல்லாதவருக்கு எஃப்ஐடி இல்லை. எஃப்ஐடி இல்லாவிட்டால் கொள்முதல் மையத்தில் ராகியை ஆதார விலைக்குப் போட முடியாது, பயிர்ச் சேத நிவாரணமும் வராது. 2023இல் மாநிலத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சித் தாலுகாக்களாக அறிவிக்கப்பட்டன. நிவாரணத்துக்காக மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு, 2024 ஏப்ரல் கடைசியில் ஒன்றிய அரசு 3,454 கோடி ரூபாய் விடுவித்தது. அந்த நிவாரணப் பணம் பதிவேட்டில் உள்ள நிலக்காரரின் கணக்குக்குத்தான் போகும். விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கி, காய்ந்த கொல்லையில் மாட்டை விட்டவருக்கு, தன் நஷ்டத்துக்கான பணத்தை யார் வாங்கினார் என்று தெரிந்துகொள்ளக்கூட வழி இல்லை என்றால் எப்படி? பட்டியல் வெளியே இருந்தால் நிலக்காரரிடம் போய், “அண்ணே, சேதப் பணம் வந்திருக்கு, என் பங்கைக் கொடுங்க” என்றாவது கேட்கலாம். பட்டியல் அவருக்குச் சோறு போடாது. வாய் திறந்து கேட்க ஓர் ஆதாரம் கொடுக்கும்.

மாநில அரசிடமும் எங்களுக்குக் குறை இருக்கிறது. அரசுத் தகவல்களைத் தானே முன்வந்து வெளியிட மாஹிதி கணஜ என்ற இணையதளம் கர்நாடகத்தில் ஏற்கெனவே உண்டு. நல்ல முயற்சி, பாராட்டுகிறோம். ஆனால் இணையதளத்தில் இருப்பது கொல்லையில் நிற்பவர் கண்ணில் படுவதற்குச் சமமாகாது. பிரதமர் கிசான் வழிகாட்டுதல்கள் பயனாளிப் பட்டியலைக் கிராமப் பஞ்சாயத்தில் பார்வைக்கு வைக்கச் சொல்கின்றன. சந்தாபுராவோ இப்போது புரசபை, அதாவது நகராட்சி. பொம்மசந்திரா, அத்திப்பள்ளி, ஜிகணியும் அப்படியே. எல்லைக்குள் இன்னும் விவசாய நிலம் இருக்கிறது, பஹணி இருக்கிறது, உழவர் இருக்கிறார், ஆனால் பஞ்சாயத்துக் கட்டடமும் இல்லை, கிராம சபையும் இல்லை. பட்டியலை ஒட்டுவதற்குச் சுவரே இல்லாமல் போன ஊர்கள் இவை. நகரம் விழுங்கும் ஓரத்தில் நிற்கும் உழவர்களைப் பற்றி யோசித்து எழுதப்பட்ட விதி ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை.

வெளிப்படையாகப் படிப்பது ஊரைப் பிளக்கும், பொறாமையை வளர்க்கும் என்று சில நண்பர்கள் எங்களிடமே சொன்னார்கள். அவர்களுக்கு எங்கள் பதில் இது: ராஜஸ்தானில் 1994 முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் மக்கள் மன்றங்களைக் கூட்டி, வேலைக் கூலிப் பதிவேடுகளை மக்கள் முன்னால் படித்தது. செத்தவர் பெயரிலும் ஊரில் இல்லாதவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அப்படித்தான் வெளிப்பட்டது. அந்தப் போராட்டத்தின் வழியில்தான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமே பிறந்தது. அப்போது பதிவேட்டைக் காட்ட அஞ்சியவர்கள் கூலிக்காரர்கள் அல்ல. இப்போது பட்டியலைக் காட்ட அஞ்சுபவர்களும் உழவர்கள் அல்ல. எங்கள் பெயர் அதில் இருந்தால் ஊர் முழுக்கப் படியுங்கள், எங்களுக்கு எந்த வெட்கமும் இல்லை. தகுதியிருந்து வாங்கும் பணம் அது.

ஆகவே ஒன்றிய அரசு 44(3) பிரிவைத் திரும்பப் பெற்று, 8(1)(ஜெ)யைப் பழைய வடிவில் மீட்க வேண்டும். முன்னாள் நீதிபதி ஏ.பி. ஷா 2025 ஜூலையில் அட்டர்னி ஜெனரலுக்கு எழுதிய கடிதத்திலும், அதற்கு முன் ஏப்ரலில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவிலும் கேட்டதும் இதைத்தான். அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியம் கர்நாடக அரசுக்கு இல்லை. 4(1)(பி)யைக் காட்டி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். சிறு தொகைத் தவணைகளின் பட்டியலை ஒவ்வொரு பஞ்சாயத்திலும், புரசபை ஊர்களில் உழவர் தொடர்பு மையமான ரைத சம்பர்க்க கேந்திரத்திலும் வருவாய்த் துறையின் நாடகச்சேரியிலும் ஒட்ட வேண்டும். லட்சக் கணக்கான மானியங்களை இணையத்திலும் போட வேண்டும். பெயர் நீக்கப்பட்டவர்களின் பட்டியலைக் காரணத்தோடு தனியாகத் தர வேண்டும், ஏனென்றால் விழுந்துபோன பெயர்தான் முதலில் கண்ணில் பட வேண்டியது. பயிர்ச் சேதக் கணக்கெடுப்பின்போது நிலக்காரர் பெயரோடு பயிர் வைத்தவர் பெயரையும் எழுத வேண்டும். இது நில உரிமையைத் தொடாத ஒரு பதிவு என்று அரசு வெளிப்படையாக அறிவித்தால் நிலக்காரர்களின் தயக்கமும் குறையும்.

எங்கள் உறுப்பினர்களுக்கும் ஆனேக்கல் தாலுகாவின் மற்ற உழவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கன்னடம் பேசுபவர், தமிழ் பேசுபவர், தெலுங்கு பேசுபவர் என்று இதில் பிரிவு இல்லை, வறண்ட கொல்லை எல்லோருக்கும் ஒன்றுதான். அடுத்த தவணைக்கு முன்பாக ஒவ்வொருவரும் தங்கள் ஊரின் பயனாளிப் பட்டியலை எழுத்து மூலம் கேளுங்கள். மனுவில் 4(1)(பி) பிரிவு, 12ஆவது உட்பிரிவு என்று தெளிவாக எழுதுங்கள். மறுத்தால் வாய்ச் சொல்லை ஏற்காமல் எழுத்தில் வாங்குங்கள், முதல் மேல்முறையீட்டை 30 நாளுக்குள் போடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். மறுப்புக் கடிதங்களின் நகல்களைக் கொண்டுவந்து கொடுங்கள். அவற்றை மொத்தமாகத் திரட்டி மாநிலத் தகவல் ஆணையத்தின் முன் வைக்க முடிவு செய்திருக்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் செயற்குழு,
சந்தாபுரா